கிளா கிரிப்புக்கு மவுஸ் வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது திமில்

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுப் பதிலுக்குப் போகிறேன். உங்கள் கையின் நீளம் 18 செ.மீ., அகலம் 9 செ.மீ., வலது கைப் பழக்கம். வேலரண்ட் என்ற துப்பாக்கிச் சுடும் கணினி விளையாட்டை ஆடுகிறீர்கள். விரல்களை மடக்கி, நுனிகள் ஏறக்குறைய செங்குத்தாக ஊன்றி நிற்கும்படி மவுஸைப் பிடிக்கிறீர்கள்; இதைத்தான் கிளா கிரிப் என்கிறார்கள். இப்போது கையில் இருப்பது 128 மி.மீ. நீளமும் 44 மி.மீ. உயரமும் கொண்ட, வலப்பக்கம் சரிந்த பெரிய மவுஸ். ஒரு மணி நேரம் ஆடினால் மோதிரவிரல் இழுத்துப் பிடிக்கிறது, கட்டைவிரலின் அடி வலிக்கிறது. நல்ல சென்சார் (மவுஸின் நகர்வைப் படிக்கும் கருவி) உள்ள, எடை குறைந்த மவுஸ் ஒன்றைச் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள்.

சென்சாரையும் எடையையும் பிறகு பார்ப்போம். கிளா கிரிப்பில் கை நோகுமா நோகாதா என்பதை இரண்டு விஷயங்கள் தீர்மானிக்கின்றன. மவுஸின் பின்பக்கத் திமில், அதாவது முதுகில் உயர்ந்து நிற்கும் மேடு, உங்கள் உள்ளங்கையில் எந்த இடத்தில் முட்டுகிறது என்பது ஒன்று. மோதிரவிரலும் சுண்டுவிரலும் இயல்பாகப் போய் நிற்க வலப்பக்கத்தில் இடம் இருக்கிறதா என்பது மற்றொன்று. பெட்டியின் மேல் அச்சிடப்படும் எண்களில் இவ்விரண்டுமே இருப்பதில்லை. அதனால்தான் விலை உயர்ந்த மவுஸை வாங்கியும் பலருக்குக் கை ஒத்துவராமல் போகிறது.

பாம் கிரிப்பில் கை முழுவதும் மவுஸின் மேல் படுத்துக்கொள்ளும். ஃபிங்கர்டிப் கிரிப்பில் விரல் நுனிகள் மட்டுமே தொடும்; உள்ளங்கை காற்றில் நிற்கும். கிளா கிரிப் இரண்டுக்கும் நடுவில் உள்ளது. உள்ளங்கையின் அடிப்பகுதி மவுஸின் பின்னால் ஒட்டியிருக்கும், சுட்டுவிரலும் நடுவிரலும் பட்டன்களின் மேல் நுனியால் ஊன்றும், கட்டைவிரலும் மோதிரவிரலும் சுண்டுவிரலும் பக்கங்களைப் பிடிக்கும், விரல்கள் வளையும் இடத்துக்குக் கீழே ஒரு வெற்றிடம் இருக்கும். மூன்று கல் அடுப்பில் பானை நிற்பது போலத்தான் இது. ஒரு கல் தாழ்ந்திருந்தால் பானை சரியும். சரியாமல் இருக்க மற்ற இரண்டு கல்லும் கூடுதல் பாரம் தாங்க வேண்டும். உங்கள் மோதிரவிரல் இப்போது செய்துகொண்டிருப்பது அந்தக் கூடுதல் வேலையைத்தான். பின்பக்கம் சரியாகத் தாங்கவில்லை, வலப்பக்கச் சரிவில் விரல் நழுவுகிறது, ஆகவே அது அழுத்திப் பிடிக்கிறது. அந்த அழுத்தத்துக்கு எதிர்ப்பக்கத்தில் ஈடு கொடுத்துக் கொடுத்துக் கட்டைவிரலின் அடி நோகிறது.

மோதிரவிரல் இவ்வளவு சீக்கிரம் களைப்பதற்கு உடற்கூறும் காரணம். நடுவிரல், மோதிரவிரல், சுண்டுவிரல் மூன்றின் நுனிகளையும் மடக்கும் தசைநாண்கள் முன்கையில் பெரும்பாலும் ஒரே தசைத் திரளிலிருந்து வருகின்றன. புறங்கையிலும் விரல்களை நிமிர்த்தும் நாண்கள் ஒன்றோடொன்று பிணைந்திருக்கின்றன. கையை மேசையில் வைத்து, நடுவிரலை மட்டும் உள்ளே மடக்கி, மற்ற விரல் நுனிகளை ஊன்றிக்கொண்டு மோதிரவிரலைத் தூக்கிப் பாருங்கள். பெரும்பாலானவர்களுக்கு அது அசையாது. ஆகவே மோதிரவிரல் இறுகிப் பிடித்திருக்கும்போது நடுவிரலால் செய்யும் வலது கிளிக்கும் கனத்துப் போகும். குறிபார்த்துக்கொண்டே ஸ்கோப்பைத் திறக்கும் நேரத்தில் குறி சற்று விலகுகிறது என்றால், பழியைச் சென்சாரின் மேல் போடுவதற்கு முன் இதை யோசிக்க வேண்டும்.

இனி உங்கள் கையை நீங்களே அறிந்துகொள்ள ஒரு வழி. இப்போதுள்ள மவுஸைத் துணியால் துடைத்துவிட்டு, ஸ்க்ரோல் வீல், பட்டன் இடுக்குகள் ஆகியவற்றின் மேல் செல்லோ டேப்பை ஒட்டி மூடிவிட்டு, மேற்பரப்பில் முகப்பவுடரை மெல்லிய படலமாகத் தடவுங்கள். பிறகு பத்து நிமிடம் பயிற்சிக் களத்தில் வழக்கம்போல் ஆடிவிட்டுக் கையை எடுத்துப் பாருங்கள். கறுப்பு மவுஸாக இருந்தால் பவுடர் எங்கே அழிந்திருக்கிறது என்பது தெளிவாகத் தெரியும். பின்பக்கத்தில், சுண்டுவிரலுக்கு நேர் கீழே உள்ள சதைப்பகுதியும் கட்டைவிரலின் அடிச்சதையும் பட்டு, நடுவில் சிறு இடைவெளி விட்டு இரண்டு திட்டுகள் அழிந்திருந்தால் பின்தாங்கல் சரியாக இருக்கிறது என்று கொள்ளலாம். மாறாக, உள்ளங்கையின் குழிவான நடுப்பகுதி உரசி மவுஸின் நடு முதுகில் ஒரே பெரிய திட்டு அழிந்திருந்தால், திமில் உங்களுக்கு அதிக உயரம் அல்லது அதிகம் முன்னால் இருக்கிறது என்று பொருள். உங்கள் மவுஸில் இரண்டாவதுதான் தெரியும் என்பது என் ஊகம். 44 மி.மீ. உயரம் என்பது 20 செ.மீ. கையை முழுதாகப் படுக்க வைப்பதற்கு மிகப் பொருத்தமான உயரம், 18 செ.மீ. கை அதன் மேல் விரலை மடக்க முயலும்போது, மடக்குவதற்கு வேண்டிய இடத்தைத் திமில் ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருக்கும்.

எதிர்ப்பக்கச் சோதனையும் உண்டு. வீட்டில் தட்டையான சாதாரண அலுவலக மவுஸ் இருந்தால், பழைய ஹவாய் செருப்பின் ரப்பரை 3 மி.மீ. தடிமனுக்குச் சீவி, இருபக்கம் ஒட்டும் டேப்பால் மவுஸின் பின்பகுதியில் ஒட்டுங்கள். கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு துண்டு போதும். அரைமணி நேரம் ஆடிவிட்டு, அதை ஒரு செ.மீ. முன்னால் நகர்த்தி ஒட்டி மறுபடி ஆடுங்கள். எந்த இடத்தில் இருந்தபோது விரல்கள் தளர்ந்தன என்பதை மூளை சொல்லும் முன் கை சொல்லிவிடும். பார்க்க அசிங்கமாக இருக்கும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நான் மூன்று மவுஸ்களை வாங்கி விற்றுக் கற்றுக்கொண்டதை இந்த ஒரு துண்டு ரப்பர் ஒரே மாலையில் கற்றுக்கொடுத்திருக்கும்.

கிளா கிரிப் என்று ஒரே பெயரில் அழைக்கப்பட்டாலும் உள்ளே இரண்டு வகை இருக்கின்றன. கடைக்குப் போகும் முன் நீங்கள் எந்த வகை என்று தெரிந்துகொள்வது நல்லது. ஒன்று தளர்ந்த வகை: உள்ளங்கை பின்னால் அழுத்தமாகப் பதிந்திருக்கும், விரல்கள் பாதியளவே வளையும், மவுஸை நகர்த்துவது பெரும்பாலும் மணிக்கட்டும் முழங்கையும்தான். இன்னொன்று இறுக்கமான வகை: விரல்கள் கூர்மையாக வளைந்து நிற்கும், உள்ளங்கை லேசாகத்தான் தொடும், குறியை மேலும் கீழும் நகர்த்த விரல்களே மவுஸை உள்ளங்கையை நோக்கி இழுத்துத் தள்ளும். தளர்ந்த வகைக்குத் திமில் நன்றாகப் பின்தள்ளி, சற்று உயர்ந்திருப்பது வசதி. இறுக்கமான வகைக்கு அதே திமில் தடையாக மாறும், ஏனெனில் விரல் மவுஸை இழுக்க அரை செ.மீ.யாவது இடம் வேண்டும். வேலரண்டில் துப்பாக்கி மேலே உதைப்பதை அடக்க மவுஸைக் கீழே இழுக்கும்போது உங்கள் மணிக்கட்டு நகர்கிறதா, விரல்கள் மட்டும் மடங்குகின்றனவா என்று கவனியுங்கள். அலைபேசியைச் சாய்த்து வைத்துக் கையைப் பதிவு செய்து பார்த்தால் ஒரு நிமிடத்தில் விடை கிடைக்கும்.

அளவுக்கு வருவோம். கையின் நீளத்தில் 60 விழுக்காடு மவுஸின் நீளமாகவும், கையின் அகலத்தில் 60 விழுக்காடு பிடிக்கும் இடத்தின் அகலமாகவும் இருக்கட்டும் என்று ஒரு கணக்கு நீண்ட நாளாகச் சொல்லப்பட்டு வருகிறது. உங்கள் கைக்கு அது 108 மி.மீ. நீளமும் 54 மி.மீ. அகலமும் தரும். நீள விஷயத்தில் இந்தக் கணக்கு ஃபிங்கர்டிப் கிரிப்புக்குப் பொருந்தும் அளவுக்குக் கிளா கிரிப்புக்குப் பொருந்துவதில்லை என்பது என் கருத்து. 108 மி.மீ. மவுஸில் உங்கள் உள்ளங்கையின் அடிப்பகுதி பின்பக்கத்தைத் தாண்டி மவுஸ்பேடில் உரசும். அடுப்பின் மூன்றாவது கல்லே இல்லாமல் போகும். உங்களுக்கு 116 முதல் 122 மி.மீ. வரை நீளமும், 37 முதல் 40 மி.மீ. வரை உயரமும் உள்ளவற்றைப் பார்க்கச் சொல்வேன். 125 மி.மீ. வரை போகலாம், ஆனால் விரலை எவ்வளவு மடக்குகிறீர்கள் என்பதைப் பொறுத்தது அது.

அகலத்தில் ஒரு பொறி இருக்கிறது. விவரப் பட்டியலில் போடப்படும் அகலம் பெரும்பாலும் மவுஸின் மிக அகன்ற இடத்தின் அளவு, அது பின்பக்கத்தில் இருக்கும். விரல்கள் பிடிப்பதோ இடுங்கிய நடுப்பகுதியை. 2019இல் வந்த ரேசர் வைப்பரின் பிடி அகலம் 57.6 மி.மீ. என்று அந்த நிறுவனமே தனியாகக் குறிப்பிட்டது, ஆனால் அதே மவுஸின் மிக அகன்ற இடம் 66 மி.மீ.யைத் தாண்டும். ஆகவே 63 மி.மீ. என்று போட்டிருப்பதைப் பார்த்து அகலம் அதிகம் என்று ஒதுக்கிவிடாதீர்கள், 53 மி.மீ. என்று போட்டிருப்பது பிடி அகலமா முழு அகலமா என்று கேட்காமல் வாங்கியும் விடாதீர்கள். மிகக் குறுகிய மவுஸில் கட்டைவிரலும் சுண்டுவிரலும் கிள்ளுவது போல் ஒன்றை நோக்கி ஒன்று அழுத்தும். கட்டைவிரலின் அடி வலிக்கு அதுவும் காரணமாகலாம்.

பக்கச் சுவர்களின் வடிவத்தைப் பற்றி விவரப் பட்டியல் வாய் திறக்காது. மேலிருந்து பார்த்தால் நடுவில் இடுங்கி, முன்னும் பின்னும் சற்று விரிந்திருப்பது நல்லது. முன்புறத்திலிருந்து பார்த்தால் சுவர் கீழே செல்லச் செல்ல உள்ளே சாய்ந்திருந்தால் மவுஸைத் தூக்கி வைக்கும்போது விரல் நுனி அடியில் மாட்டிக்கொண்டு எளிதாகத் தூக்கும். அழுத்திப் பிடிக்க வேண்டிய அவசியம் குறையும். வெளியே சாய்ந்த சுவரில் ஒவ்வொரு முறை தூக்கவும் கூடுதல் அழுத்தம் வேண்டும். குறைந்த சென்சிட்டிவிட்டி (கையை அதிகம் நகர்த்தினால்தான் குறி நகரும் அமைப்பு) வைத்து ஆடுபவர் ஓர் ஆட்டத்தில் எத்தனை முறை மவுஸைத் தூக்கி வைக்கிறார் என்று எண்ணிப் பார்த்தால் இந்தச் சிறு சாய்வின் அருமை புரியும். சமச்சீர் மவுஸ்கள் பலவற்றில் இந்த உட்சாய்வு இருப்பதாலும், வலப்பக்கம் சரியாமல் மோதிரவிரலுக்கு நிமிர்ந்த சுவர் கிடைப்பதாலும், உங்கள் புகாரைக் கேட்டவுடன் சமச்சீர் வடிவத்தைத்தான் முதலில் பார்க்கச் சொல்வேன். வலது கைக்கென்றே சரித்துச் செய்த வடிவம் கிளா கிரிப்புக்கு ஆகாது என்பதில்லை. பென்க்யூவின் ஸோவி இசி வரிசையைத் தளர்ந்த கிளாவில் பிடிப்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆனால் அதற்குக் கை கொஞ்சம் பெரிதாக இருக்க வேண்டும்.

பட்டன்களைச் சோதிக்கும்போது பலர் செய்யும் தவறு, பட்டனின் முனையில் அழுத்திப் பார்ப்பது. கிளா கிரிப்பில் விரல் மடங்கியிருப்பதால் நுனி முனைக்குப் போகாது. ஸ்க்ரோல் வீலின் பக்கத்திலோ அதற்கும் பின்னாலோ விழும். பட்டன் பின்னால் கீல் வைத்த ஒரு நெம்புகோல். ஸ்விட்ச் முன்பக்கத்தில் இருக்கிறது. கீலிலிருந்து 5 செ.மீ. தள்ளி உள்ள ஸ்விட்ச் 60 கிராம் அழுத்தம் கேட்கிறது என்று வைத்துக்கொண்டால், 4 செ.மீ. தள்ளி ஊன்றும் விரல் 75 கிராம் கொடுக்க வேண்டும். பாம் கிரிப்காரருக்கு வெண்ணெயாக இருக்கும் பட்டன் உங்களுக்கு மரக்கட்டையாக இருப்பதற்குக் காரணம் இதுதான். உங்கள் விரல் விழும் இடத்தில் அழுத்திப் பாருங்கள். வேறொருவரின் விமர்சனத்தில் கிளிக் பற்றிப் படிக்கும்போதும் அவர் எந்தப் பிடிக்காரர் என்று தெரிந்துகொண்டு படியுங்கள்.

எடை பற்றிக் கேட்டீர்கள். 2018இல் லாஜிடெக்கின் ஜி ப்ரோ வயர்லெஸ் 80 கிராமில் வந்தபோது அது இலேசான மவுஸாகப் பேசப்பட்டது. 2020இல் ஜி ப்ரோ எக்ஸ் சூப்பர்லைட் 63 கிராமுக்குள் இறங்கியது. 2024இல் ரேசர் வைப்பர் வி3 ப்ரோ 54 கிராம். எடை குறையக் குறைய மோதிரவிரலின் பாரம் குறையும் என்பது உண்மைதான், ஆனால் 60 கிராமுக்கும் 54 கிராமுக்கும் உள்ள வேறுபாட்டைவிட எடை எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பது முக்கியம். லாஜிடெக் ஜி304 இதற்கு நல்ல உதாரணம். அதன் 99 கிராமில் ஏறக்குறைய 23 கிராம் உள்ளே போடும் ஏஏ அல்கலைன் பேட்டரியின் எடை. அந்தப் பேட்டரி திமிலுக்கு அடியில் பின்பக்கமாக இருக்கிறது. கிளா கிரிப்பில் பக்கங்களை முன்பகுதியில் பிடித்துத் தூக்கும்போது வால் தொங்கும். அதே அளவு லித்தியம் பேட்டரி 15 கிராம்தான் இருக்கும்; அதை மாற்றினாலே 91 கிராமுக்கு வந்துவிடும். அடாப்டர் போட்டு ஏஏஏ பேட்டரி வைப்பவர்கள் இன்னும் குறைக்கிறார்கள்.

சென்சாரை ஒரே பத்தியில் முடித்துவிடலாம். பிக்ஸார்ட்டின் 3360 சென்சார் நொடிக்கு 250 அங்குல வேகம் வரை பின்தொடரும். அதாவது ஆறு மீட்டருக்கு மேல். உங்கள் கை அதை எட்டாது. அதற்குப் பின் வந்த 3395, லாஜிடெக்கின் ஹீரோ ஆகியவை எல்லாமே போதும் போதும் என்னும் அளவுக்கு நல்லவை. 1000 ஹெர்ட்ஸ் என்றால் மில்லி நொடிக்கு ஒரு முறை கணினிக்குத் தகவல் போகிறது. 8000 ஹெர்ட்ஸுக்காகக் கூடுதல் காசு கொடுத்து வடிவத்தில் சமரசம் செய்துகொள்வது கையை வருத்திக் காகிதத்தை மகிழ்விப்பதாகும். பெட்டியில் 25,000 டிபிஐ (மவுஸ் ஓர் அங்குலம் நகர்ந்தால் குறி எத்தனை புள்ளி நகரும் என்ற அளவு) என்று போட்டிருந்தாலும் நீங்கள் 800லோ 1600லோதான் ஆடப்போகிறீர்கள்.

பெயர் சொல்லிக் கேட்டதால் சொல்கிறேன். குறைந்த செலவில் தொடங்க விரும்பினால் லாஜிடெக் ஜி102 போதும்: 116.6 மி.மீ. நீளம், 62.15 மி.மீ. அகலம், 38.2 மி.மீ. உயரம், 85 கிராம், வயர் உண்டு. ஜி304 அதே உடல்தான், வயர் இல்லை. வெளிநாட்டு விமர்சனங்களில் இதையே ஜி305 என்று பார்ப்பீர்கள். இவ்விரண்டின் முதுகும் முட்டை போல் சீராக வளைவது. பின்னால் துருத்தும் திமில் கிடையாது. ஆகவே இறுக்கமான கிளாவுக்கு நன்றாகப் பொருந்தும், தளர்ந்த கிளாவுக்குப் பின்தாங்கல் கொஞ்சம் குறைவாகத் தோன்றும். இலேசான எடை வேண்டுமானால், கிடைக்கிற இடத்தில் ரேசர் வைப்பர் மினி: 118.3 மி.மீ. நீளம், 53.5 மி.மீ. பிடி அகலம், வயர் நீங்கலாக 61 கிராம். உங்கள் 9 செ.மீ. அகலக் கைக்கு அது பிடிக்கலாம், கிள்ளலாகவும் தோன்றலாம். இதில் மட்டும் கையில் எடுத்துப் பார்க்காமல் முடிவு செய்ய வேண்டாம்.

கிளா கிரிப்பை மனத்தில் வைத்தே வடிவமைக்கப்பட்டவற்றில் ஜெர்மனியின் எண்ட்கேம் கியர் 2019இல் கொண்டுவந்த எக்ஸ்எம்1 குறிப்பிடத்தக்கது. 122 மி.மீ. நீளம், 66 மி.மீ. அகலம், 38 மி.மீ. உயரம்; பின்பக்கம் அகன்று விரிந்து உள்ளங்கையின் அடிச்சதையை இருபுறமும் தாங்கும். அதன் வழிவந்த வயர்லெஸ் வடிவம் எக்ஸ்எம்2வீ. தளர்ந்த கிளாக்காரர் என்று தெரிந்தால் உங்களுக்கு என் முதல் பரிந்துரை இந்த வடிவம்தான். பல்சார் எக்ஸ்2 ஏறக்குறைய 120 மி.மீ. நீளம், எக்ஸ்2எச் என்ற வடிவத்தில் திமிலை மட்டும் உயர்த்தியிருக்கிறார்கள். ரப்பர் துண்டு சோதனையில் பின்னால் உயர்த்தியது உங்களுக்குப் பிடித்திருந்தால் எக்ஸ்2எச், பிடிக்கவில்லை என்றால் சாதாரண எக்ஸ்2. சூப்பர்லைட் 125 மி.மீ. நீளமும் 40 மி.மீ. உயரமும் கொண்டது, பெரும்பாலான கைகளுக்குத் தீங்கு செய்யாத வடிவம், ஆனால் உங்கள் கைக்கு மேல் எல்லை அது. வைப்பர் வி3 ப்ரோவின் 127 மி.மீ. நீளத்தை, எடை எவ்வளவு ஆசை காட்டினாலும், இப்போதைக்குத் தவிர்க்கச் சொல்வேன்.

மேற்பூச்சைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம் ஊர் மே மாதத்தில் மின்விசிறிக்குக் கீழே ஆடுபவருக்கு உள்ளங்கை வியர்க்கும். மணல்போல் வறண்ட கோட்டிங் அப்போது வழுக்கும், வழுக்கினால் விரல் தானாக இறுகும், இறுகினால் பழைய வலி திரும்பும். கிரிப் டேப்பை வாங்கி மோதிரவிரலும் கட்டைவிரலும் படும் இடங்களில் மட்டும் ஒட்டுங்கள். பின்பக்கத்தில் ஒட்ட வேண்டாம். இறுக்கமான கிளாவில் உள்ளங்கை அங்கே சற்று நழுவத்தான் வேண்டும்.

மவுஸை மாற்றினாலும் மேசை உயரம் சரியில்லை என்றால் பலன் பாதிதான். முழங்கை ஏறக்குறைய செங்கோணத்தில் இருக்கட்டும், மணிக்கட்டு மேல்நோக்கி மடங்கி நிற்க வேண்டாம், மேசையின் கூர்மையான விளிம்பில் உள்ளங்கையின் சுண்டுவிரல் பக்க அடியை ஊன்ற வேண்டாம். அந்த வழியாகத்தான் அல்னார் நரம்பு விரல்களுக்குப் போகிறது. வலி என்பது வேறு, மரத்துப்போதல் வேறு. கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல் மரத்தாலோ, மோதிரவிரலும் சுண்டுவிரலும் மரத்தாலோ, குறிப்பாக இரவில் தூக்கத்தில் மரத்து விழிப்பு வந்தால், மவுஸ் தேடுவதை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

வாங்கும் முன், விற்பவர் பணத்தைத் திருப்பித் தருவாரா, பழுதானால் மாற்றித் தருவது மட்டும்தானா என்று பாருங்கள். வடிவம் ஒத்துவரவில்லை என்பதைப் பலர் பழுதாகக் கணக்கில் கொள்வதில்லை. சென்னையில் இருந்தால் ரிச்சி தெருப் பக்கம் காட்சிக்கு வைத்திருக்கும் மவுஸ்களை ஒரு மதியம் கையில் பிடித்துப் பார்த்துவிட்டு வரலாம். பிடித்துப் பார்க்கும்போது நின்றுகொண்டு பார்க்காதீர்கள், ஒரு நாற்காலி கேட்டு உட்கார்ந்து பாருங்கள். நின்றால் மணிக்கட்டின் கோணமே வேறு. வாங்கியபின் சென்சிட்டிவிட்டியை மாற்றாமல் பத்து நாள் ஆடுங்கள். முதல் மூன்று நாள் குறி தவறும். அதைப் பொருட்படுத்த வேண்டாம். நான்காம் நாள் பவுடரை எடுத்து மறுபடி தடவிப் பாருங்கள். பின்பக்கத்தில் இரண்டு திட்டுகள் தெரிந்தும் மோதிரவிரல் இன்னும் இழுக்கிறது என்றால் பக்கச் சுவர்தான் ஒத்துவரவில்லை. அப்போது கை அளவையும் அந்தப் பவுடர் தடத்தையும் குறிப்பிட்டு எழுதுங்கள், அடுத்த வடிவத்தைப் பார்க்கலாம்.